ஒரு தோலுக்கு இரண்டு அளவு

அந்த சாஃப்ட்வேர் எங்கள் கம்பெனிக்கு லாரியில் வரவில்லை, பெட்டியில் வரவில்லை. ஒரு மெயிலில் லிங்க்காக வந்தது. கண்ணால் பார்க்க ஒன்றுமே இல்லாத அந்தப் பொருளுக்காகப் பொது மேலாளர் அன்றைக்கு எல்லோருக்கும் ஆற்காட்டு மக்கன்பேடா வாங்கிக் கொடுத்தார். நான் இரண்டு சாப்பிட்டேன்.

நாங்கள் ஆம்பூர் பக்கத்தில் ஷூ தைக்கிறவர்கள். ராணிப்பேட்டைப் பக்கம் கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு டேனரி இருக்கிறது. அங்கே தோலைப் பதப்படுத்தி, சாயமேற்றி, வேனில் அனுப்புவார்கள். ஷூ தைக்க இங்கே இரண்டு யூனிட்கள். நான் எம்.ஐ.எஸ். துறை. துறை என்று சொன்னால் பத்துப் பேர் இருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம், நான் ஒருத்திதான். பதினொரு வருஷமாகக் காட்பாடியில் ரயில் ஏறி ஆம்பூரில் இறங்கி, யார் எந்த ரிப்போர்ட் கேட்டாலும் எக்செல்லில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எதைப் பார்த்தாலும் ஏன், எதற்கு என்று கிளறிப் பார்க்கிற புத்தி எனக்கு. மூக்குக்கு மேல் கோபமும் வரும். இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் பதினொரு வருஷம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம் என்று வீட்டில் சொல்வார்கள்.

டேனரியில் ஒரு சாஃப்ட்வேர், தோல் ஸ்டோரில் வேறொன்று, ஏற்றுமதிக்கு மூன்றாவது. ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத சம்பந்திகள் மாதிரி அவை தனித்தனியாக இருந்தன. எல்லாவற்றிலிருந்தும் தினமும் விவரங்களை இழுத்து ஒரே இடத்தில் சேர்த்து வைக்க ஒரு டேட்டா வேர்ஹவுஸ், அதிலிருந்து எடுத்துச் சிவப்பும் பச்சையுமாகக் காட்ட ஒரு டாஷ்போர்டு. இவை நமக்கென்று உட்கார்ந்து செய்தவை அல்ல. உலகத்தில் உள்ள எல்லாத் தொழிற்சாலைக்கும் ஆகும் என்று முன்பே செய்து, ரிப்போர்ட்களையும் எழுதி வைத்துவிட்டார்கள். நாம் வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ரெடிமேட் பிளவுஸ் வாங்கினால்கூட இரண்டு பக்கமும் கொஞ்சம் பிடித்துத் தைத்துத்தான் போடுகிறோம். இதைப் பெங்களூரிலிருந்து வந்த ஆலோசகரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"மேடம், இதுல கை வெச்சா அடுத்த வெர்ஷன் வரும்போது எல்லாம் உடைஞ்சுடும். சாஃப்ட்வேரை மாத்தாதீங்க. நீங்க மாறிக்கங்க."

சரி, மாறித்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். பொய் சொல்வானேன், அந்த மூன்று மாதமும் எனக்குக் கொண்டாட்டம். ஒவ்வொரு திரையிலும் அது ஒரு கேள்வி கேட்கும். பொருள் என்றால் உங்களிடம் என்ன? அனுப்பியது என்று எப்போது சொல்வீர்கள்? பெற்றது என்று யார் சொல்ல வேண்டும்? பதினொரு வருஷத்தில் இதையெல்லாம் ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் யாரையும் கேட்டதில்லை. ஆள் ஆளாகப் போய்க் கேட்டேன். தோல் வெட்டுகிற கட்டிங்கில் ஒரு பதில், ஸ்டோரில் ஒரு பதில், ஆபீசில் மூன்று பதில்கள் வந்தன.

அப்படி ஒரு நாள் அது கேட்டது: தோலை எந்த அளவில் அளக்கிறீர்கள்? அதற்குக் கீழே ஒரே ஒரு கட்டம்.

எங்கள் தொழிலில் தோலுக்கு எப்போதும் இரண்டு அளவு. எத்தனை தோல் என்பது ஒன்று, அதைப் பீஸ் என்போம். எத்தனை சதுர அடி என்பது இன்னொன்று, அதை வெறுமனே அடி என்போம். ஆட்டுக்கு ஆடு உடம்பு வித்தியாசப்படும். நூறு பீஸ் என்றால் ஐந்நூறு அடியும் இருக்கலாம், அறுநூறு அடியும் இருக்கலாம். அதனால் தோலோடு டேனரியிலிருந்து வருகிற ஸ்லிப்பில் இரண்டையும் எழுதுவார்கள். ஆனால் இந்த சாஃப்ட்வேரைச் செய்தவர்கள் துணியையும் எண்ணெயையும் ஆணியையும் மனதில் வைத்துச் செய்திருந்தார்கள். ஒரு பொருளுக்கு ஒரு அளவுதான்.

"ஏதாவது ஒண்ண எடுத்துக்கங்க மேடம்" என்றார் ஆலோசகர்.

அரை நிமிஷம் யோசித்தேன். அரை நிமிஷம்கூட இருக்காது. வாங்குவது விற்பது எல்லாம் அடியில்தானே என்று 'அடி' என்று போட்டேன். பீஸ் வேர்ஹவுசுக்குள் வராமலே நின்றுவிட்டது. அதை நான் மறந்தும் போனேன்.

இன்னொரு கட்டமும் இருந்தது. பெற்ற அளவு. அதை நிரப்பாமல் அடுத்த திரைக்குப் போக விடாது. அதுவரை எங்கள் வழக்கம் வேறு. டேனரியில் ஒவ்வொரு தோலையும் மெஷினில் விட்டு அளந்து, எத்தனை அடி என்று தோலின் பின்பக்கம் எழுதி அனுப்புவார்கள். ஸ்டோரில் பீஸை மட்டும் எண்ணிக் கையெழுத்துப் போடுவார்கள். மறுபடி அளப்பது கிடையாது. இப்போது டாஷ்போர்டு, டேனரி அனுப்பிய அடியையும் ஸ்டோர் பெற்ற அடியையும் ஒப்பிட்டுப் பார்த்து, குறைந்தால் சிவப்புக் காட்டும் என்பதால், இரண்டு யூனிட் ஸ்டோர்க்காரர்களையும் கூப்பிட்டு வைத்து நான் வகுப்பெடுத்தேன். ஸ்லிப்பைப் பார்த்து எழுதக் கூடாது, அளந்து உள்ளதை உள்ளபடி போட வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு செலவு செய்து இதை வாங்கியதே தண்டம் என்று குரலை உயர்த்தியே சொன்னேன்.

முதல் யூனிட்டின் ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் ஸ்டோர் அக்கா என்போம். என் வயதுதான் இருக்கும். மாதனூர்ப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர். ஒரு பீஸ் குறைந்தாலும் வேன் டிரைவரை நகர விட மாட்டார். அளக்கச் சொன்னதும் அவர் ஒரு பேச்சுப் பேசவில்லை. மூலையில் கிடந்த அளக்கும் மெஷினை ரிப்பேர் செய்து, வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் தோல் காட்டுகிற ஏசி ஹாலில் போட்டுக் கொடுத்தோம். தோல் வந்ததும் அங்கே அடுக்கி, நேரம் கிடைக்கும்போது ஒவ்வொன்றாக மெஷினில் விட்டு, வந்த எண்ணை அப்படியே ஏற்றினார்.

டாஷ்போர்டு ஓட ஆரம்பித்து மூன்றாவது வாரத்தில் முதல் யூனிட் சிவப்பானது. நூறு அடி அனுப்பினால் தொண்ணூற்றெட்டுதான் வந்து சேர்ந்தது. ஒரே ஸ்லிப்பில் வருகிற தோலை லாட் என்போம், சில லாட்களில் இன்னும் கம்மி. இரண்டாவது யூனிட் மட்டும் சுத்தமாகப் பச்சை. பொது மேலாளர் தன் அறையில் பெரிய டிவியில் இதைப் பார்த்துவிட்டு, "இத்தன வருஷமா இப்படித்தான் போயிட்டிருந்துச்சா?" என்றார்.

எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெருமையாக இருந்தது. வந்த மூன்றே வாரத்தில் என் டாஷ்போர்டு ஒரு திருட்டைப் பிடித்துவிட்டது என்று ரயிலில் வரும்போது எதிர் சீட்டுக்காரரிடம்கூடச் சொன்னேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை காலையில் ஸ்டோர் அக்கா என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கம்ப்யூட்டர்ல எம்மேல செவப்பு வெச்சிருக்கீங்களாமே மேடம்."

"உங்க மேல இல்ல. ஸ்டோர் மேல."

"ஸ்டோர்ல வேற யாரு இருக்கா? தெனம் சாய்ந்தரம் கேட்ல என் பையக் கொட்டிப் பாக்குறாங்க. டிபன் பாக்ஸு, தண்ணி பாட்டிலு, மாத்திர, மாத்துத் துணி, எல்லாத்தயும். பஸ் ஜன்னல்ல இருந்து அம்பது பேரு பாக்குறாங்க. சனிக்கெழமைக்குள்ள தோலு எங்க போச்சுன்னு சொல்லு, இல்லன்னா வேலைய விட்டு நின்னுக்கன்னு ஜி.எம். சொல்லிட்டாரு. நான் இன்னா பண்ணேன்? அளந்து போடச் சொன்னீங்க, அளந்து போட்டேன்."

பை விஷயம் எனக்கு அதுவரை தெரியாது. தெரியாதே என்ற வெட்கத்தில் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. "சரி, தோல் எங்கதான் போச்சு?" என்று கேட்டுவிட்டேன்.

"ஒரு பீஸுகூடப் போவல. எண்ணிப் பாத்துக்கங்க."

டாஷ்போர்டில் பீஸைத் தேடினேன். இல்லை. எப்படி இருக்கும்? நானே கழற்றிப் போட்டதுதானே.  அவரோடு ஸ்டோருக்கு நடந்துபோய், பழைய காகித ஸ்லிப்களை எடுத்துத் தரையில் பரப்பி உட்கார்ந்து பார்த்தேன். ஒரு மாதத்து லாட்கள் அத்தனையிலும் பீஸ் சரியாக இருந்தது. திருடுகிறவர் முழுத் தோலாகத் தூக்கிக்கொண்டு போவார். ஒவ்வொரு தோலிலும் துளித் துளியாகக் கிள்ளிக்கொண்டா போவார்?

இதைப் போய்ப் பொது மேலாளரிடம் சொன்னேன். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் விட மாட்டார்.

"ஓரத்த நறுக்கி எடுத்து, பர்ஸ் தைக்கிறவங்களுக்குக் கொடுத்தா? பீஸ் அப்படியேதானே இருக்கும்?" என்றார். "ரெண்டாவது யூனிட்டப் பாருங்க. ஒரு அடி கொறையல."

 சரி, அந்தப் பச்சையையே போய்ப் பார்த்துவிடுவோம் என்று கம்பெனி வண்டியில் இரண்டாவது யூனிட்டுக்குப் போனேன். அங்கே ஸ்டோரில் இருப்பவர் நல்ல மரியாதைக்காரர். டீ வரவழைத்தார். அளக்கும் மெஷின் எங்கே என்று கேட்டேன்.

"அது பேஜாரு மேடம். ஓடாது. ஸ்லிப்ல இன்னா எழுதியிருக்கோ அதையே போட்டுட்றேன். கரெக்டா டேலி ஆவுது பாருங்க" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். என் பேச்சைக் கேட்டு அளந்தவருக்குச் சிவப்பு. கேட்காமல் பார்த்து எழுதியவருக்குப் பச்சை. அந்தப் பச்சைக்காக அவரைப் பொது மேலாளர் மீட்டிங்கில் பாராட்டி வேறு இருந்தார். திரும்பி வருகிற வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

ஆனாலும் அடி குறைவது நிஜம்தானே? அது எங்கே போகிறது? அன்று மதியம் சாப்பாட்டை மறந்து டாஷ்போர்டுக்குள் இறங்கினேன். வேன் வாரியாகப் பிரித்தேன், டிரைவர் வாரியாகப் பிரித்தேன், நிறம் வாரியாகக்கூடப் பிரித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் தோல் வந்த நாளையும் அளந்த நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வந்த அன்றே அளந்த லாட்களில் குறைவு கொஞ்சம்தான். ஒரு நாள் கிடந்தால் ஜாஸ்தி. இரண்டு நாள் கிடந்தால் இன்னும் ஜாஸ்தி. வந்து இறங்கிய பிறகு கிடக்கக் கிடக்கக் குறைகிறது. கிடப்பது எங்கே? ஏசி ஹாலில்.

ஓடினேன். நாற்பது வயதுக்கு மேல் அந்த வராந்தாவில் ஓடியது அன்றைக்குத்தான்.

"அந்த ஹால்ல வெச்சா தோல் ஏதாவது ஆகுதா?" என்று மூச்சிரைக்கக் கேட்டேன்.

ஸ்டோர் அக்கா கொஞ்சம் யோசித்தார். "வெறப்பா ஆவுது. கட்டிங்காரங்ககூட, இன்னாக்கா அப்பளம் மாதிரி குடுக்குறேன்னு கேப்பாங்க. ஏன்?"

வியாழக்கிழமை வேன் வந்தது. தோல் இறங்கின கையோடு ஐந்து தோலை எடுத்தோம். மழை மாதம், வானம் மூடியிருந்தது. கட்டிங்கிலிருந்து பழுப்புக் காகிதம் வாங்கி வந்து சரக்கு இறக்குகிற திறந்த ஷெட்டின் தரையில் விரித்து, ஒவ்வொரு தோலையும் அதன்மேல் போட்டு, ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு வரைந்தோம். கழுத்து, கால், வயிறு என்று வளைந்து வளைந்து போகிற கோடு. அவர் தோலை நகராமல் பிடித்துக்கொள்ள நான் வரைந்தேன். பிறகு காகிதத்தையும் தோலையும் ஏசி ஹாலில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம். அன்று சாயங்காலமும் கேட்டில் அவர் பையைக் கொட்டினார்கள். நான் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று வேறு பக்கமாகப் போய்விட்டேன். அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தோலை அதனதன் காகிதத்தில் வைத்தோம். கோட்டுக்கும் தோலுக்கும் நடுவே சுற்றிலும் ஒரு நெல் அகலத்துக்கு வெறும் காகிதமாக இடைவெளி தெரிந்தது. எந்தப் பக்கமும் விடாமல், கழுத்தில், காலில், வயிற்றில் எல்லாம் ஒரே மாதிரி. கத்தி பட்டால் இப்படி ஆகாது. தோல் தானாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. ஏசி காற்று ஈரத்தை உறிஞ்சிவிட்டது, அவ்வளவுதான். டேனரியில் எப்போதும் தண்ணீரும் ஈரமுமாக இருக்கும், அங்கே அளந்தால் தோல் முழுசாக இருக்கிறது. இங்கே காய்ந்து சுருங்கின பிறகு அளக்கிறோம்.

அத்தோடு விட எனக்கு மனமில்லை. அதே ஐந்து தோலையும் ஷெட்டில் மழைக்காற்றில் தொங்கவிட்டேன். மூன்று மணிக்கு எடுத்துக் காகிதத்தில் வைத்தால், தோல் கோட்டைக் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டது. "வளர்ந்துடுச்சு பாருங்க! வளர்ந்துடுச்சு!" என்று கை தட்டினேன். செத்த ஆட்டின் தோல் மூச்சு விட்டதுபோல் எனக்கு ஒரே ஆச்சரியம். தலையைத் தூக்கிப் பார்த்தால் ஸ்டோர் அக்கா சிரிக்கவே இல்லை.

"நாளைக்கி சனிக்கெழம மேடம்" என்றார்.

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவருக்கு அது வேலை. கையை மடித்து வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஐந்து காகிதங்களையும், மறுபடி ஹாலில் வைத்து எடுத்த ஐந்து தோல்களையும் பொது மேலாளரின் மேசையில் விரித்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த இடைவெளியில் விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு இன்னொரு தோலில் ஒரு சுற்று. பீஸை நான் விட்டதையும், இரண்டாவது யூனிட்டின் பச்சை எப்படி வந்தது என்பதையும் சொன்னேன். இரண்டையும் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நொடி நினைத்ததும் உண்மை.

"சரி" என்றார். "இனிமே வேன்ல இருந்து எறக்கினதும் ஷெட்லயே அளக்கட்டும். பீஸயும் உள்ள கொண்டாங்க. அந்தம்மாவ வேலையப் பாக்கச் சொல்லுங்க. செக்யூரிட்டிகிட்ட நான் சொல்லிட்றேன்."

ஆலோசகருக்குப் போன் செய்தால், பீஸுக்குத் தனியாக ஒரு ரிப்போர்ட் கட்டித்தான் ஆக வேண்டும் என்றார். சாஃப்ட்வேரை மாற்றக் கூடாது என்று சொன்ன அதே வாய்தான். சண்டை போட எனக்கு நேரமில்லை. நல்ல செய்தியை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன். ஸ்டோர் அக்கா கண் கலங்குவார், கையைப் பிடித்துக்கொள்வார் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

அவர் கேட்டுக்கொண்டார். எண்ணிக்கொண்டிருந்த தோல் கட்டை எண்ணி முடித்தார்.

"பையக் கொட்டினது எல்லார் முன்னாடியும் மேடம். இவ எடுக்கலன்னு சொல்றது மட்டும் ஜி.எம்.மோட ஏசி ரூம்லயா?"

"நான் கொட்டலையே" என்றேன். சுருக்கென்று கோபம் வந்தது. ராத்தூக்கம் கெட்டு, சாப்பாட்டை விட்டு இத்தனையும் செய்தவளிடம் இப்படியா பேசுவது?

"செவப்பு வெச்சது நீங்கதான?" என்றார். குரல் ஏறவில்லை. அடுத்த கட்டை எடுத்து எண்ண ஆரம்பித்துவிட்டார்.

மதியம் முழுக்க அவர்மேல் கோபமாகத்தான் இருந்தேன். நாலு மணிக்கு மேல் அந்தக் கோபம் என் பக்கமே திரும்பிவிட்டது. டேனரி ஸ்லிப்பை நம்பியதில்லை நான், ஸ்டோர்க்காரர்கள் எழுதியதை நம்பியதில்லை, ஒரு கட்டத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பினேன். ஊரையே கேள்வி கேட்கிறவள் என்னை நானே ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஐந்தரைக்கு மாதனூர் பஸ் கேட்டுக்கு வெளியே எஞ்சின் ஓடியபடி நின்றது. செக்யூரிட்டி யார் பையையும் தொடவில்லை. பெண்கள் பேசிக்கொண்டே ஏறினார்கள். நானும் ஏறினேன். கம்பெனி பஸ்ஸில் நான் ஏறியது அதுதான் முதல் தடவை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டோர் அக்கா நடுவில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், பை மடியில். அவர் பக்கத்து சீட் காலியாக இருந்தது. நாலைந்து பேர் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார்கள், அந்த சீட்டில் மட்டும் யாரும் உட்காரவில்லை.

மீட்டிங்கில் பேசிப் பழகிய குரல் அங்கே வரவில்லை. "ஒரு நிமிஷம்" என்றேன். "ஸ்டோர்ல தோல் கொறையுதுன்னு ஒரு வாரமாப் பேசிக்கிட்டாங்க. தோல் ஒண்ணுகூடக் கொறையல. இவங்க எதையும் எடுக்கல. கம்ப்யூட்டர்ல நான்தான் தப்பாப் போட்டுட்டேன். தப்பு என்னுது."

 பின்னாலிருந்து ஒரு குரல், "அப்ப அடி கம்மியா வந்துச்சே, அது எங்க போச்சு?" என்றது.

"எங்கயும் போகல. ஏசில காஞ்சு சுருங்கிடுச்சு."

யாரோ "அட" என்றார்கள். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்தா, சாஃப்ட்வேரைப் பார்த்தா தெரியவில்லை, இரண்டுக்கும் தகும். ஸ்டோர் அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நின்றுகொண்டிருந்தவர்களில் ஒரு பெண் தயங்கித் தயங்கி நகர்ந்து வந்து, "இங்க உக்காந்துக்கறேன்க்கா" என்றாள், ஒன்றும் நடக்காத மாதிரி.

ஸ்டோர் அக்கா அவளை ஒரு முறை பார்த்தார். பிறகு மடியிலிருந்த பையை எடுத்துப் பக்கத்து சீட்டில் வைத்தார்.

டிரைவர் ஹாரன் அடித்தார். நான் இறங்கினேன். வண்டி திரும்பும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்தப் பெண் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள், பை சீட்டில்தான் இருந்தது.